பனைமரம் சாயுமா? டிஎஸ்எல்ஆர் வீடியோவில் ரோலிங் ஷட்டரைச் சமாளிக்கும் வழி

திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். கார் ஜன்னலிலிருந்து பனங்காட்டை ஒரு ஷாட் எடுத்தேன். சாயங்கால வெயில், வரிசையாகப் பனை, கார் நல்ல வேகத்தில் போகிறது. கேமராவின் பின்பக்கத் திரையில் பார்த்தபோது பிரமாதமாக இருந்தது. வீடியோவைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று, பெண்ணின் மாமா டிவியில் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, அன்னைக்கு என்ன புயலா அடிச்சுது? பனை எல்லாம் சாஞ்சு நிக்கி?"

தென்னையாக இருந்தால் தப்பித்திருப்பேன். தென்னை வளையும், சாயும். பனை நட்ட கம்பம் மாதிரி நிற்கும் என்பது அந்த ஊர்க்காரருக்குத் தெரியாதா என்ன?

இதைத்தான் ரோலிங் ஷட்டர் கோளாறு என்கிறோம். புதிதாக டிஎஸ்எல்ஆரில் வீடியோ எடுக்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரு நாள் இதில் மாட்டுவார்கள். கேமரா பழுது என்று நினைத்து சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

முதலில், ஏன் சாய்கிறது?

போட்டோ எடுக்கும்போது டக்கென்று சத்தம் போடும் ஷட்டர், வீடியோ எடுக்கும்போது வேலை செய்வதில்லை. கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி மேலே போய்விடும், ஷட்டர் திறந்தே இருக்கும். சென்சார்தான் படத்தை வரிவரியாக, மேலிருந்து கீழே படிக்கிறது. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் நடுவில் கொஞ்சம் நேரம் போகிறது. டிஎஸ்எல்ஆர்களில் 1080பி வீடியோவுக்குப் பெரும்பாலும் இது 20 முதல் 30 மில்லிசெகண்ட் வரை இருக்கும். கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவுதான். ஆனால் அதற்குள் கார் நகர்ந்துவிடுகிறது. பனையின் உச்சியைப் படித்தபோது மரம் ஓர் இடத்தில், அடியைப் படிக்கும்போது இன்னோர் இடத்தில். அதனால் மரங்கள் எல்லாம் கார் போகும் திசைக்குத் தலையைச் சாய்த்துக்கொண்டன. கேமராவை வலப்பக்கம் வேகமாகத் திருப்பினாலும் கம்பங்கள் வலப்பக்கமே சாயும். இடப்பக்கம் திருப்பினால் இடப்பக்கம்.

சோனி பிடி170 கேமரா காலத்தில் கல்யாண வீடியோ எடுத்த அண்ணன்களிடம் கேட்டால், "எங்க காலத்துல இப்படி ஒரு தொல்லையே இல்லையே" என்பார்கள். உண்மைதான். அந்த சோனி கேமராவில் இருந்தது மூன்று சிசிடி சென்சார்கள். சிசிடி படம் முழுவதையும் ஒரே நேரத்தில் பிடித்துவிடும். 2008-ல் வீடியோ வசதியோடு வந்த முதல் டிஎஸ்எல்ஆரான நிக்கான் டி90-யிலும், அதே ஆண்டு வந்த கேனான் 5டி மார்க் 2-விலும் இருந்தது, படத்தை வரிவரியாகப் படிக்கும் சிமோஸ் சென்சார். பின்னணி மங்கலாகி முகம் மட்டும் பளிச்சென்று நிற்கும் அழகு அதோடு வந்தது. இந்தச் சாய்வும் கூடவே வந்தது.

கூத்து என்னவென்றால், இது நூறு வருஷத்துக்கும் மேலான பிரச்சினை. பிரெஞ்சுக்காரர் ழாக் ஆன்றி லார்த்திக் 1910-களில் எடுத்த பந்தயக் கார் படத்தில் சக்கரம் முட்டை வடிவத்தில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், ஓரத்தில் நிற்கும் ஆட்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பார்கள். அந்த கேமராவில் திரைச்சீலை மாதிரி ஒரு பிளவு ஃபிலிமைக் கடந்து போனது. நம் கேமராவில் சென்சார் வரிகள் அதே வேலையைச் செய்கின்றன. அவர் படம் மியூசியத்துக்குப் போனது. நம் படத்துக்கு மாமா திட்டுகிறார்.

படி 1: உங்கள் கேமராவின் நம்பரைக் கண்டுபிடியுங்கள்

எல்லோரும் நேராக "என்ன செட்டிங் வைக்கணும்?" என்று கேட்கிறார்கள். அதற்கு முன்னால் தெரிய வேண்டியது, உங்கள் கேமரா ஒரு பிரேமைப் படிக்க எடுத்துக்கொள்ளும் நேரம். வீட்டிலேயே அளக்கலாம், ஒரு பைசா செலவில்லை.

ஸ்டார்ட்டரும் கனமான பழைய இரும்பு சோக்கும் போட்ட டியூப்லைட் ஒன்றைத் தேடுங்கள். மலிவான எல்இடி பல்பும் பல நேரம் ஒத்துவரும். எலக்ட்ரானிக் சோக் ஒத்துவராது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த விளக்கு நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். அதாவது 10 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை.

மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, கேமராவை வெள்ளைச் சுவரின் பக்கம் திருப்புங்கள். மேனுவல் மோடு, 1080பி, 25 எஃப்பிஎஸ் (நொடிக்கு 25 பிரேம்). ஷட்டர் ஸ்பீடை 1/1000 அல்லது அதற்கும் மேலே ஏற்றி, ஐஎஸ்ஓவையும் தாராளமாகக் கூட்டி, ஃபோகஸைக் கலைத்துவிட்டு ஐந்து நொடி ரெக்கார்ட் செய்யுங்கள். பெரிய மானிட்டரில் போட்டு நிறுத்திப் பாருங்கள். படத்தில் குறுக்காகக் கறுப்புப் பட்டைகள் தெரியும்.

இப்போது ஸ்கேலை எடுங்கள். மானிட்டரில் படத்தின் உயரம் 30 செ.மீ., ஒரு கறுப்புப் பட்டையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 12 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 30-ஐ 12-ஆல் வகுத்தால் 2.5. அதைப் பத்தால் பெருக்கினால் 25. உங்கள் கேமரா ஒரு பிரேமைப் படிக்க 25 மில்லிசெகண்ட் எடுக்கிறது.

இந்த நம்பரை ஒரு துண்டு டேப்பில் எழுதி கேமராவின் அடியில் ஒட்டிவிடுங்கள். 720பி, 4கே என்று மோடு மாறினால் நம்பரும் மாறும், அதனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அளங்கள். ஒரே கேமராவில் பெரும்பாலும் 4கே-வில் நம்பர் கூடுதலாக, அதாவது மோசமாக இருக்கும்.

படி 2: எவ்வளவு வேகமாகத் திருப்பலாம்?

25 மில்லிசெகண்ட் கேமராவையே எடுத்துக்கொள்வோம். 1080பி படத்தின் அகலம் 1920 பிக்சல். ஒரு கம்பம் திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒரே நொடியில் போகிற மாதிரி பேன் செய்தால், அதாவது கேமராவைப் பக்கவாட்டில் திருப்பினால், உச்சிக்கும் அடிக்கும் 48 பிக்சல் வித்தியாசம் வரும். ஏறத்தாழ 2.5 டிகிரி சாய்வு. அரை நொடியில் போனால் 5 டிகிரி, யார் கண்ணிலும் படும். ஏழு நொடி எடுத்துக்கொண்டால் வெறும் 7 பிக்சல். யாரும் கண்டுபிடிக்க முடியாது.

எனவே கோபுரம், தூண், கதவு, மின்கம்பம் என்று நேர்கோடுகள் இருக்கும் இடத்தில் ஏழு நொடி என்பதை வாயால் எண்ணிக்கொண்டே பேன் செய்து பழகுங்கள். மண்டபத்தில் மாலை போட்டுக்கொண்டு ஆள் ஓடினால் அப்படி எண்ணிக்கொண்டிருக்க முடியாதுதான். அப்போது ஆளோடு சேர்ந்து திருப்புங்கள், கண் ஆளின் மேல்தான் இருக்கும், பின்னால் சாயும் தூணை யாரும் பார்க்க மாட்டார்கள். ஒரு ஷாட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ விருட்டென்று திருப்பும் பேனுக்கும் கவலை வேண்டாம், எல்லாமே கலங்கிப் போயிருக்கும்.

படி 3: ஷட்டர் ஸ்பீடை நம்பி ஏமாறாதீர்கள்

"ஷட்டர் ஸ்பீடைக் கூட்டு, சரியாகிவிடும்" என்ற அறிவுரை உங்கள் காதுக்கும் வரும். தவறு. ஷட்டர் ஸ்பீடு ஒவ்வொரு வரியும் எவ்வளவு நேரம் வெளிச்சம் வாங்குகிறது என்பதை மட்டுமே மாற்றும். முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையிலான நேரம் அப்படியே இருக்கும். 1/1000 வைத்தால் மரம் சாய்ந்தபடியே, கத்தியால் வெட்டின மாதிரி கூர்மையாகத் தெரியும். 1/50 வைத்தால் அசைவில் கொஞ்சம் கலங்கல் வந்து சாய்வை மறைக்கும். என் பனங்காட்டு ஷாட்டில் நான் செய்த முட்டாள்தனம் இதுதான்: வெயில் அதிகம் என்று ஷட்டரை ஏற்றிவிட்டேன். லென்ஸ் முன்னால் வெளிச்சத்தைக் குறைக்கும் ஒரு என்டி ஃபில்டர் போட்டிருக்க வேண்டும்.

25 எஃப்பிஎஸ், 1/50. நம் ஊர் விளக்குகளுக்கும் இதுவே பொருந்தும், சுவரில் பட்டை ஓடாது.

வேகமான அசைவு இருக்கும் என்று முன்பே தெரிந்தால் 50 எஃப்பிஎஸ் முயன்று பாருங்கள். 25-ல் ஒரு பிரேமுக்கு 40 மில்லிசெகண்ட் அவகாசம் இருக்கிறது, 50-ல் 20தான். அதற்குள் சென்சார் படித்து முடித்தே ஆக வேண்டும். பழைய மாடல்களில் இது 720பி-யில்தான் கிடைக்கும். சில கேமராக்களில் இரண்டு மோடிலும் ஒரே வேகம்தான். அதைச் சொல்லத்தான் கேமராவின் அடியில் டேப் இருக்கிறது.

படி 4: ஜெல்லோவை நிறுத்துவது

சாய்வாவது பரவாயில்லை. கேமரா நடுங்கினால் படம் தட்டில் வைத்த ஜெல்லி மாதிரி தளதளவென்று ஆடும். உச்சி ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம், அடி ஒரு பக்கம். இந்த ஜெல்லோ வந்துவிட்டால் எடிட்டிங்கில் முழுதாகப் போக்குவது கஷ்டம். வராமல் பார்த்துக்கொள்வதே வழி.

கையில் பிடித்து எடுப்பதென்றால் வைடு லென்ஸ் போடுங்கள். ஒரே கை நடுக்கம் 25 எம்எம்-ல் காட்டும் ஆட்டத்தைப் போல 100 எம்எம்-ல் நான்கு மடங்கு காட்டும். லென்ஸில் நடுக்கத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் இருந்தால் கையில் பிடிக்கும்போது போடுங்கள், ட்ரைபாடில் வைத்ததும் அணையுங்கள். கழுத்து வாரை இறுக்கமாக இழுத்து, கேமராவை முன்னால் தள்ளிப் பிடித்தால் இரண்டு கைகளோடு கழுத்தும் சேர்ந்து மூன்று பிடிமானம் கிடைக்கும். கேமராவை ஆடாமல் தாங்கும் கிம்பல் வாங்கக் காசில்லாத காலத்தில் எனக்குச் சோறு போட்ட வித்தை இது.

காரிலும் ஆட்டோவிலும் கேமராவையோ முழங்கையையோ ஜன்னல் விளிம்பில் வைக்காதீர்கள். இன்ஜின் அதிர்வு நேராக சென்சாருக்குப் போகும். கைகளை உடம்போடு ஒட்டி அந்தரத்தில் பிடியுங்கள், உடம்பே ஸ்பிரிங்காக வேலை செய்யும்.

ட்ரைபாடில் வைத்தும் ஜெல்லோ வருகிறதா? சுற்றிப் பாருங்கள். ஒரு வரவேற்பில் பலகை மேடையில் ட்ரைபாடை வைத்திருந்தேன். இரண்டடி தள்ளி ஆர்க்கெஸ்ட்ராவின் பேஸ் பாக்ஸ். ஒவ்வொரு டிரம் அடிக்கும் மாப்பிள்ளையின் முகம் ஒரு முறை நெளிந்தது. அதற்கப்புறம் ட்ரைபாடைத் தரையில்தான் ஊன்றுகிறேன்.

படி 5: எடிட்டிங்கில் திருத்துவது

அடோபி பிரீமியர் ப்ரோவில் "ரோலிங் ஷட்டர் ரிப்பேர்" என்று ஒரு எஃபெக்ட் இருக்கிறது. அதில் ரேட் என்ற இடத்தில் ஒரு சதவீதம் கேட்கும். பெரும்பாலோர் கண்ணை மூடிக்கொண்டு எதையாவது இழுத்து வைப்பார்கள். உங்களிடம்தான் நம்பர் இருக்கிறதே. 25 எஃப்பிஎஸ்ஸில் ஒரு பிரேமுக்கு 40 மில்லிசெகண்ட், உங்கள் கேமரா படிக்க எடுப்பது 25. இருபத்தைந்தை நாற்பதால் வகுத்தால் 62.5 சதவீதம். அதைப் போடுங்கள். கேமராவைத் தலைகீழாக மாட்டி எடுத்திருந்தால் ஸ்கேன் திசையையும் மாற்ற வேண்டும்.

முறை என்ற இடத்தில் வார்ப், பிக்சல் மோஷன் என்று இரண்டு இருக்கும். பேன் ஷாட்டுக்கு வார்ப் போதும். என் பனங்காட்டில் பக்கத்து மரம் விரைந்து ஓடியது, தூரத்து மரம் மெல்ல நகர்ந்தது. அதற்குப் பிக்சல் மோஷன்தான் கைகொடுத்தது. ரெண்டரிங் முடிவதற்குள் இரண்டு டீ குடித்துவிட்டேன்.

ஸ்டெபிலைசும் செய்ய வேண்டுமானால் முதலில் இந்த ரிப்பேர், பிறகு கிளிப்பை நெஸ்ட் செய்து (தனி சீக்வென்ஸாக மாற்றி) அதன்மேல் ஸ்டெபிலைசர். வார்ப் ஸ்டெபிலைசருக்கு உள்ளேயும் ரோலிங் ஷட்டர் திருத்தம் இருக்கிறது, இரண்டையும் சேர்த்துப் போட்டால் மரம் எதிர்ப்பக்கம் சாயும். ஃபைனல் கட் ப்ரோவில் சதவீதம் இல்லை. குறைவு, நடுத்தரம், அதிகம் என்று தேர்ந்தெடுத்துப் பார்க்க வேண்டியதுதான்.

படி 6: ஃபிளாஷ் பட்டை

தாலி கட்டும் நேரம். நான்கு போட்டோகிராபர்கள் ஒரே நேரத்தில் ஃபிளாஷ் அடிக்கிறார்கள். உங்கள் வீடியோவில் ஒரு பிரேமின் மேல்பாதி வெள்ளை, கீழ்பாதி இருட்டு. இதுவும் ரோலிங் ஷட்டர்தான். ஃபிளாஷ் மின்னிய அந்தக் கணத்தில் எந்த வரிகள் வெளிச்சம் வாங்கிக்கொண்டிருந்தனவோ அவை மட்டும் வெளுக்கும்.

எடுக்கும்போது தடுக்க முடியாது. அவர்களிடம் அப்போது போய்ச் சொல்லவும் முடியாது. எடிட்டிங்கில் அந்தப் பிரேமை வெட்டி எறியாதீர்கள், கெட்டிமேளத்தின் சத்தம் நகர்ந்துவிடும். அதற்கு முந்தைய பிரேமை நகலெடுத்து, மேல் டிராக்கில் சரியாக அந்த ஒரு பிரேம் நீளத்துக்கு வையுங்கள். பட்டை அடுத்த பிரேமிலும் வழிந்திருந்தால் இரண்டு பிரேம் நீளத்துக்கு. நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு படம் நின்றதை யாரும் கவனிக்க மாட்டார்கள். எல்லா வெள்ளைப் பிரேமையும் துடைத்துவிடவும் வேண்டாம். படம் முழுக்க ஒரே சீராக வெளுத்த பிரேம்கள் இருந்தால் விட்டுவிடுங்கள், தாலி கட்டும்போது ஃபிளாஷ் மின்னுவது எல்லோருக்கும் பிடிக்கும்.