தீவில் அறை எடுக்கும் முன்: நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

பள்ளி விடுமுறை நெருங்கினால் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எந்தச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தாலும் பங்கோர் தீவுப் பேச்சு காதில் விழும். வேனில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் லுமுட் ஜெட்டி, அங்கிருந்து பெர்ரி. சமையல் சாமான், செலவுப் பங்கு, யார் எந்த வேனில் என்று எல்லாம் பேசி முடித்த பிறகுதான் தங்கும் இடத்தைப் பற்றிய பேச்சு வரும். அதிலும் இரண்டே கேள்வி: எவ்வளவு? கடல் எவ்வளவு தூரம்?

அந்த இரண்டோடு நிறுத்திவிடுவதுதான் முதல் தவறு. இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியாத விஷயமில்லை. லயத்துக்கு, அதாவது ஒரு வரிசை வீடுகளுக்கு, ஒரு பொதுக் குழாய். விடியுமுன் பால் வெட்டப் போகிறவர்களின் வாளிகள் வரிசையாக நிற்கும். ஒரு வீட்டில் விசேஷம் என்றால் அடுத்த வீட்டுக்குத் தண்ணீர் குறையும். சிறிய தீவின் நிலையும் அதுதான். ஆறு ஓடாத தீவில் மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, தன்னைவிடக் கனமான கடல்நீரின் மேல் ஒரு மெல்லிய அடுக்காகத் தங்குகிறது. கிணற்றில் அளவுக்கு மீறி இறைத்தால் கீழே இருக்கும் உப்புநீர் மேலே ஏறிவிடும். நாம் மூன்று நாளில் ஊர் திரும்பிவிடுவோம். உப்புக் கரிக்கும் கிணற்றோடு இருக்கப்போவது அங்கேயுள்ள கம்பத்து (கிராமத்து) மக்கள். அதனால் சின்னத் தீவில் நீச்சல் குளமும் குளியல் தொட்டியும் விளம்பரப் படத்தில் முன்னால் நின்றால், நான் அந்த இடத்தை விட்டுவிடுவேன்.

கழிவுநீர் இதைவிடப் பெரிய சிக்கல். பிலிப்பைன்ஸின் போராக்காய் தீவை 2018 ஏப்ரலில் அரசாங்கமே ஆறு மாதம் மூடியது. விடுதிகளும் கடைகளும் சுத்திகரிக்காத கழிவுநீரைக் கடலில் விட்டதுதான் முக்கியக் காரணம். கழிவில் இருக்கும் சத்துகள் கடலுக்குள் பாசியை வளர்க்கும், பாசி பவளப்பாறையை மூடும். கண்ணாடி போட்டுக்கொண்டு மீன் பார்க்கப் போகிற நாமே அந்தப் பாறையைக் கெடுக்க உதவுகிறோம்.

இதில் நம்மவர்களின் ஒரு பழக்கத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஆறு பேருக்கான சாலேயை (தனி விடுதி வீட்டை) எடுத்துவிட்டுப் பாயும் தலையணையுமாகப் பதினைந்து பேர் போய் இறங்குவது. காசு மிச்சமாகும், எல்லோரும் ஒன்றாகப் படுக்கலாம் என்ற ஆசைதான். நாங்களும் அப்படிப் போனோம். இரண்டாம் நாள் கழிவறையில் தண்ணீர் இறங்கவில்லை. வீட்டுப் பின்பக்கம் தொட்டி மூடியின் ஓரமாகக் கசிந்து மணலில் ஓடியது. அது போய்ச் சேர்ந்த பக்கத்தில்தான் எங்கள் பிள்ளைகள் குளித்துக்கொண்டிருந்தார்கள். கழிவுத் தொட்டியை இத்தனை பேருக்கு என்று கணக்குப் போட்டுத்தான் கட்டுகிறார்கள். உள்ளே வரும் கழிவு கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால்தான் திடப்பொருள் அடியில் படியும். ஆள் கூடக் கூட, படியுமுன் அப்படியே வெளியே தள்ளப்பட்டுவிடும். உரிமையாளரிடம் நாங்கள் ஆள்கணக்கை மறைத்திருந்தோம். தவறு எங்களுடையது. இன்னொரு சாலேயை எடுக்கும் வசதி எங்களுக்கு இருந்தது.

அறை எடுக்கும் முன் ஒரு போன் போட்டுக் கேளுங்கள்: கிணற்றுத் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா? தொட்டி எத்தனை பேருக்கு? கடைசியாக எப்போது கழிவை உறிஞ்சி எடுத்தார்கள்? பொறுப்பாக நடத்துகிறவர் யோசிக்காமல் பதில் சொல்வார்.

அடுத்தது பெயரை நம்புவது. பெயரில் ‘ஈக்கோ’, பலகையில் ஒரு பச்சை இலை, இவற்றுக்கு ஒரு மதிப்பும் இல்லை. டென்மார்க்கில் 1994இல் தொடங்கிய கிரீன் கீ போன்ற சான்றிதழ்கள் வேறு ரகம். அங்கே வெளியாள் வந்து சோதித்துத்தான் தருகிறார். ஆனால் சான்றிதழுக்குச் செலவு உண்டு. நாலு அறை வைத்திருக்கும் கம்பத்துக் குடும்பத்திடம் அது இல்லை என்பதற்காக ஒதுக்கிவிடாதீர்கள். அவர்களிடம் மேலே சொன்ன கேள்விகளைக் கேட்டால் போதும்.

ஹோம்ஸ்டே என்ற சொல்லிலும் கவனம் தேவை. சுற்றுலா அமைச்சு 1995இல் தொடங்கிய ஹோம்ஸ்டே திட்டத்தில், ஒரு குடும்பத்தோடு அவர்கள் வீட்டிலேயே தங்கி, அவர்கள் சமைத்ததைச் சாப்பிடுகிறோம். பணம் அந்த வீட்டுக்கே போகிறது. இன்று பலர் ஹோம்ஸ்டே என்று விளம்பரம் செய்வது, உரிமையாளர் எங்கோ நகரத்தில் இருக்க, சாவி மட்டும் நம் கைக்கு வரும் வாடகை வீடு. எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கடலை ஒட்டியே தங்க வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். சபா மாநிலத்தின் சிப்பாடான் தீவிலிருந்து 2004 இறுதியோடு விடுதிகளை எல்லாம் அரசாங்கம் வெளியேற்றியது. இப்போது முக்குளிப்பவர்கள் மாபுல் போன்ற பக்கத்துத் தீவுகளில் தங்கி, அனுமதியோடு பகலில் போய் வருகிறார்கள். அழகு குறையவில்லை. ஆமை முட்டையிடும் கரைகளில் இது இன்னும் முக்கியம். பொரித்து வரும் குஞ்சுகள் வெளிச்சமான பக்கத்தைக் கடல் என்று எடுத்துக்கொண்டு நகரும். விடுதியின் விளக்கு கடலைவிடப் பிரகாசமாக எரிந்தால் அவை நிலப் பக்கம் போய் உயிரை விடும். ரெடாங், பெர்ஹெந்தியான் போகிறவர்கள் இரவில் கடற்கரை விளக்குகளை அணைக்கிறார்களா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அந்தக் கிழக்குக்கரைத் தீவுகளில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பருவமழை, பெரும்பாலான விடுதிகள் மூடிவிடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

மூன்று வேளை சாப்பாடு, படகு, எல்லாம் சேர்த்த பேக்கேஜ் வசதிதான். ஆனால் விடுதி வாசலைத் தாண்டாமலே திரும்பினால் தீவு மக்களுக்கு என்ன கிடைக்கும்? பங்கோரில் அறைக்கு மட்டும் பணம் கட்டிவிட்டு, அந்த இளஞ்சிவப்பு வேன் டாக்சியில் ஊரைச் சுற்றி, கம்பத்துக் கடையில் சாப்பிடலாம். விடுதி வாசலில் இருவாய்ச்சிப் பறவைக்குத் தீனி போடும் காட்சியைக் காட்டி ஆள் சேர்ப்பவர்களைத் தவிர்க்கலாம். தெலுக் நிப்பாவில் சும்மா உட்கார்ந்தாலே அவை மரத்துக்கு மரம் பறப்பதைப் பார்க்கலாம்.

அந்தக் கசிவுக்குப் பிறகு நாங்கள் மீண்டும் பங்கோர் போனபோது பத்துப் பேர், இரண்டு சாலே. விடுமுறை வாரத்தின் கூட்டத்தைத் தவிர்த்து, செவ்வாய்க்கிழமை பெர்ரி ஏறினோம். கடலுக்கு ஐந்து நிமிட நடை. பின்பக்கம் போய்த் தொட்டி மூடியைத்தான் முதலில் பார்த்தேன், சுற்றிலும் மண் காய்ந்து கிடந்தது. திரும்பும் நாள் ஜெட்டிக்குப் பக்கத்தில் ஓர் அம்மாவிடம் இரண்டு கிலோ நெத்திலி வாங்கினோம்.