சிஸ்டர்களுக்கும் ஓர் எண் கொடுங்கள்

மிஷன் மருத்துவமனையில் பணியாளர் பதிவைக் கணினிக்கு மாற்றப் போகிறீர்களா? மென்பொருளை அப்புறம் பார்க்கலாம். மருத்துவப் பணியாளர் பதிவுக்கான ஐஹெச்ஆர்ஐஎஸ் (iHRIS) மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது; சின்ன இடமென்றால் எக்செல் போதும். அட்டவணையில் ஆளுக்கு ஒரே ஒரு வரி, அதுதான் முதல் வேலை.

சம்பளப் பட்டியலை வைத்துத் தொடங்காதீர்கள். நான் அப்படித் தொடங்கித்தான் மாட்டிக்கொண்டேன். பிரசவ வார்டில் 9 நர்சுகள் என்றது திரை. டூட்டி சார்ட்டில் 12 பெயர். மீதி மூன்று பேரும் சிஸ்டர்கள், அதாவது நர்ஸ் வேலை பார்க்கும் கன்னியர்கள். அவர்களின் துறவற சபை அனுப்பியவர்கள், சம்பளப் பட்டியலில் வரமாட்டார்கள். ராத்திரி டூட்டி மட்டும் எல்லோருக்கும் போல அவர்களுக்கும் வரும்.

இதில் இன்னொரு சிக்கல்: நர்சிங் கவுன்சில் சான்றிதழில் பிறந்தபோது வைத்த பெயர், வார்டில் துறவறப் பெயர். பெயரை நம்பினால் ஒருவரே இருவராகிவிடுவார். அதனால் ஆளுக்கு ஓர் எண், இரண்டு பெயருக்கும் இரண்டு கட்டம். சபை வேறு ஊருக்கு மாற்றினால் வரியை அழிக்காமல் தேதி போட்டு மூடுங்கள். சில வருடம் கழித்து அதே சிஸ்டர் திரும்பி வருவார்.

ஆள் பற்றாக்குறையைக் கணக்கிட உலக சுகாதார நிறுவனத்தின் விஸ்ன் (WISN) முறை உண்டு; வேலைப்பளுவை வைத்து எத்தனை பேர் தேவை என்று பார்ப்பது. இருக்கும் ஆட்களைத் தேவையான ஆட்களால் வகுப்பார்கள். 1-க்குக் கீழே போனால் பற்றாக்குறை. எங்கள் வார்டுக்கு 12 பேர் தேவை. கன்னியர்களை விட்டால் 0.75, சேர்த்தால் 1. வேலை நாளைக் கணக்கிடும்போது விடுப்பு, பயிற்சியோடு சிஸ்டர்களின் ஆண்டுத் தியான நாட்களையும் கழியுங்கள். பலரும் மறப்பது இதைத்தான்.

செயல்திறன் கட்டத்தில் ‘அர்ப்பணிப்பு’ என்று போட்டுப் பத்துக்கு மதிப்பெண் கேட்காதீர்கள். எல்லோருக்கும் ஒன்பது விழும். சாமி பெயரால் நடக்கும் இடத்தில் யார் குறைத்துப் போடுவார்? மருந்து சார்ட்டில் நேரம் எழுதினாரா, டூட்டி மாறும்போது நோயாளிகளை முறையாக ஒப்படைத்தாரா என்று கேளுங்கள். உரிமம் முடிய 90 நாள் இருக்கும்போதே பெயர் சிவப்பாகட்டும். மதப்பிரிவு இந்தத் திரையில் வேண்டவே வேண்டாம்.

மாதம் ஒருமுறை இந்தப் பதிவை ஒரு தாளில் அச்செடுத்து வார்டு இன்சார்ஜிடம் கொடுங்கள், கூடவே தப்பை வட்டமிடச் சிவப்புப் பேனாவும். முதல் மாதம் என் தாள் முழுக்க வட்டம்தான். அன்று மாலையே திருத்திவிடுங்கள். நாள் கடத்தினால் அடுத்த மாதம் யாரும் பேனாவைத் தொடமாட்டார்கள்.