காடும் வயலும் கடந்து ஒரு வட்ட நடை: திட்டமிடுவதும் நடப்பதும்

சிற்றூரை ஒட்டிய காட்டிலும் வயல்வெளியிலும் நடக்கப் பெரிய உடல்வலு தேவையில்லை. இந்த எளிய நடைகளில் பலரும் தடுமாறுவது பாதை பிரியும் இடங்களில்தான். ஆகவே முதல் வேலை, கிளம்பும் முன் வரைபடத்தோடு உட்காருவது.

தொடக்கத்துக்கு 6 முதல் 8 கிலோமீட்டர் வட்டப்பாதை போதும். 1:25,000 அளவு வரைபடத்தில் 4 சென்டிமீட்டர் என்பது 1 கிலோமீட்டர். ஒரு நூலைப் பாதையின் வளைவுகளோடு படியவைத்து, பிறகு நீட்டி அளந்து பாருங்கள். அளவுகோலை நேராக வைத்தால் தூரம் குறைவாகவே தெரியும். பொதுவழியா, தனியார் நிலமா என்பதையும் அப்போதே உறுதி செய்யுங்கள். வரைபடத்தில் கோடு இருப்பதாலேயே நடக்க உரிமை வந்துவிடாது.

நேரக் கணக்குக்கு, 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் வகுத்த விதி இன்றும் பயன்படுகிறது: 3 மைலுக்கு 1 மணி நேரம், 2,000 அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அது நன்றாக நடந்து பழகியவர்களின் வேகம். நிதானமாக நடப்பவர்கள் நல்ல பாதையில் மணிக்கு 4 கிலோமீட்டர், சேற்றிலும் வேர் படர்ந்த காட்டுத்தடத்திலும் 3 கிலோமீட்டர், ஒவ்வொரு 10 மீட்டர் ஏற்றத்துக்கும் 1 நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். பாதி காடாக உள்ள 8 கிலோமீட்டர் நடையில் 120 மீட்டர் ஏற்றம் இருந்தால் சுமார் இரண்டரை மணி நேரம். ஓய்வு சேர்த்து 3 மணி. மரங்களுக்கடியில் சீக்கிரம் இருட்டிவிடும் என்பதால், சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போதே முடிகிற மாதிரி கிளம்புங்கள்.

வழி தவறுவது அதிகமும் காட்டுக்குள்தான். மரம் வெட்டும் வண்டிகள் போட்ட புதுத்தடம் அகலமாகக் கண்ணில் படும். வரைபடத்தில் உள்ள பழைய ஒற்றையடிப் பாதையோ சருகில் மறைந்திருக்கும். கால் தானாக அகலமான தடத்துக்கே போகும். இதைத் தடுக்க, ஒவ்வொரு திருப்பத்துக்கும் மூன்று குறிப்பு எழுதிக்கொள்ளுங்கள்: அதற்கு முன் வரும் அடையாளம், திரும்பிய பின் போக வேண்டிய திசை, தாண்டிவிட்டால் எதிர்ப்படும் பொருள். ‘ஓடையைக் கடந்து இரண்டாவது இடப்பக்கப் பிரிவு, வடகிழக்கு, கம்பிவேலி வந்தால் தாண்டிவிட்டோம்’ என்ற அளவில் போதும். திரும்பியதும் திசைகாட்டியைப் பாருங்கள், கைப்பேசியிலிருந்து தள்ளிப் பிடித்து. அதிலுள்ள காந்தம் முள்ளை இழுக்கும். சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். ஆனால் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருக்க வேண்டும். அடர்ந்த மரங்களுக்கடியில் அது காட்டும் இடம் விலகக்கூடும் என்பதால், அருகருகே ஓடும் இரு தடங்களில் எது நம்முடையது என்று அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சந்தேகம் வந்தால் கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்துக்கே திரும்புங்கள். குறுக்கே புகுந்து சரிசெய்யப் பார்ப்பதுதான் சின்னத் தவறைப் பெரிதாக்குகிறது.

வயலில் பயிரை மிதிக்காமல் ஓரமாக, ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். வேலிக்கதவு திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுச் செல்லுங்கள். கால்நடைகள் தண்ணீருக்குப் போவதற்காகவே சில கதவுகள் திறந்திருக்கும். பூட்டிய கதவை ஏறிக் கடக்க நேர்ந்தால் கீல் உள்ள பக்கமாக ஏறுங்கள். மறுமுனையில் எடை விழுந்தால் கதவு தொய்ந்துவிடும். கன்றோடு நிற்கும் மாட்டை நன்றாக விலகிச் சுற்றிப் போங்கள், தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போகவே கூடாது. நாயைக் கயிற்றில் பிடித்துச் செல்லுங்கள். ஆனால் மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள். மாட்டின் குறி பெரும்பாலும் நாய்தான், அது ஓடித் தப்பிவிடும்.

பருத்திக் காலுறை ஈரத்தைப் பிடித்துவைத்துக் கொப்புளம் எழுப்பும். கம்பளி அல்லது செயற்கை இழை நல்லது. குதிகாலில் எரிச்சல் தொடங்கியதுமே நின்று காயத்துக்கு ஒட்டும் பட்டையை ஒட்டுங்கள். தண்ணீர் மணிக்கு அரை லிட்டர், வெயிலில் இன்னும் கூட.

வீடு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதின் பின்புறம் ஆகிய இடங்களில் உண்ணி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக மெல்ல இழுங்கள். எண்ணெயோ நெருப்போ வேண்டாம். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ கடித்த இடத்தில் பரவும் சிவப்போ வந்தால் மருத்துவரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள்.