வானமும் வரலாறும்: புதுச்சேரிக்கு ஒரு வாரப் பஞ்சாங்கம் எழுதும் முறை

ஒரு வாரத்தில் நம் ஊர் வானில் காணக்கூடியவற்றையும், அதே வாரத்தில் நினைவுகூர வேண்டிய வரலாற்று நாள்களையும் ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவதையே இங்கே வாரப் பஞ்சாங்கம் என்கிறேன். இதற்குத் தொலைநோக்கி வேண்டாம். ஒரு நோட்டும், தினசரி நாட்காட்டியும், கணினியில் ஸ்டெல்லேரியம் என்னும் இலவச மென்பொருளும் போதும். பழகுவதற்கு 2026 ஆகஸ்ட் 10 திங்கள் முதல் 16 ஞாயிறு வரையிலான வாரத்தை எடுத்துக்கொள்வோம்.

முதல் படி, இடத்தையும் நேரத்தையும் சரிசெய்வது. மென்பொருளில் வடக்கு 11.93 பாகை, கிழக்கு 79.83 பாகை என்று பதியுங்கள். கடலூர் வாசகர்களுக்கும் இதே கணக்கு ஏறக்குறைய பொருந்தும். வெளிநாட்டுப் பட்டியல்கள் உலகப் பொது நேரத்தில் இருப்பதால், ஒவ்வொன்றுடனும் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட வேண்டும்.

இரண்டாம் படி, சலித்தெடுப்பது. ஆகஸ்ட் 12 அன்று முழு சூரிய கிரகணம் நிகழ்கிறது. ஐஸ்லாந்திலும் ஸ்பெயினிலும் அது தெரியும். அதன் உச்ச நேரம் நமக்கு இரவு 11.16 என்பதால், புதுச்சேரியில் சூரியனே இருக்காது. இருந்தாலும் இதைத் தாளிலிருந்து நீக்கிவிடாதீர்கள். அன்று ஆடி அமாவாசை. தேவனாம்பட்டினக் கடற்கரைக்குத் தர்ப்பணம் கொடுக்கச் செல்பவர்கள் கிரகணம் உண்டா என்று கவலையோடு கேட்பார்கள். "கிரகணம் உண்டு, நம் ஊரில் தெரியாது" என்ற ஒரு வரி அவர்களுக்கு உதவும்.

மூன்றாம் படிதான் மிகுந்த கவனம் கேட்பது: தேதியின் எல்லை. எரிநட்சத்திரங்கள் அடுத்தடுத்துப் பாயும் பெர்சீட் விண்கல் பொழிவின் உச்சத்தைப் பட்டியல்கள் "ஆகஸ்ட் 12-13" என்று குறிக்கின்றன. முதன்முதலில் எழுதியபோது இதை "13 இரவு" என்று குறித்துவிட்டேன். என்னை நம்பிய தெருப் பிள்ளைகள் ஒரு நாள் தாமதமாக விழித்திருந்தார்கள். அன்றிலிருந்து "12 புதன் இரவு கழிந்து 13 வியாழன் விடியற்காலை 3 முதல் 4.30 வரை, வடகிழக்கே" என்று கிழமையோடு முழுமையாக எழுதுகிறேன். இந்த ஆண்டு அமாவாசையை ஒட்டி வருவதால் நிலவொளி தடுக்காது. இடத்தையும் குறிப்பிடுங்கள். வீராம்பட்டினத்திலிருந்து பார்த்தால் நகரத்தின் விளக்கொளி வடக்கே நிற்கும். காலாப்பட்டுக் கடற்கரையிலோ வடகிழக்கில் இருண்ட கடல் மட்டுமே இருக்கும்.

இதே எல்லைச் சிக்கல் வரலாற்றுக்கும் உண்டு. பாரதியார் 1921 செப்டம்பரில் நள்ளிரவு கடந்து 1.30 மணியளவில் காலமானார். சூரிய உதயத்தில் நாளைத் தொடங்கும் நம் வழக்கப்படி அது 11, ஆங்கில முறைப்படி 12. இரண்டையும் காரணத்தோடு எழுதுவதே நேர்மை என்று கருதுகிறேன்.

நான்காம் படியில் அந்த வாரத்துக்குரிய வரலாற்று நாள்களைச் சேருங்கள். ஆகஸ்ட் 15 நாட்டின் விடுதலை நாள். 1872-இல் அரவிந்தர் பிறந்த நாளும் அதுவே. ஆகஸ்ட் 16, 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்த நாள். நிர்வாகம் கைமாறியது 1954 நவம்பர் 1 என்பதால், எந்த நாள் எதைக் குறிக்கிறது என்று ஒரு சொல்லாவது விளக்கம் தாருங்கள். இயன்றால் வானமும் வரலாறும் சந்திக்கும் நாள்களைத் தனி நிறத்தில் எழுதுங்கள். நம் ஊருக்கு அத்தகைய நாள் ஜூன் 4. வெள்ளிக்கோள் சூரியனின் முகத்தைக் கடக்கும் காட்சியைப் பதிவுசெய்யப் பிரான்சிலிருந்து புறப்பட்ட வானியலாளர் லெ ஜென்டில், 1761-இல் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாகிவிட்டதால் கரையிறங்க முடியாமல், ஆடும் கப்பலிலிருந்து அதைப் பார்த்தார், அளவெடுக்க இயலவில்லை. அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டுகள் காத்திருந்து, இங்கேயே ஆய்வுக்கூடம் அமைத்துக் கருவிகளோடு நின்றார். 1769 ஜூன் 4 காலையில் மேகம் மூடிக்கொண்டது. ஐரோப்பிய நூல்களில் இந்தக் கடப்பு ஜூன் 3 என்றிருக்கும். அங்கே முந்தைய மாலையாக இருந்த வேளை இங்கே விடியலாக இருந்தது. நம் தாளில் ஜூன் 4 என்றே எழுத வேண்டும்.

இறுதியாகத் தாளை நான்கு பத்திகளாகப் பிரியுங்கள்: கிழமையும் தேதியும், வானில், வரலாற்றில், பார்த்தது. சனிக்கிழமை வரிசை இப்படி அமையும்: "ஆகஸ்ட் 15, சூரியன் மறைந்த பின் மேற்கே வெள்ளி, சூரியனிலிருந்து ஏறத்தாழ 46 பாகை விலகி, அருகில் வளர்பிறை. விடுதலை நாள், அரவிந்தர் பிறந்த நாள்." நான்காம் பத்தியை வாரம் முடியும்போது நிரப்புங்கள். "மேகம், தெரியவில்லை" என்பதும் அங்கே முழுமையான பதிவுதான்.

ஞாயிறு மாலை அடுத்த தாளைத் தொடங்கும்போது முதலில் குறிக்க வேண்டியது ஆகஸ்ட் 21-ஐ ஒட்டிய நிழலில்லா நாள், அதாவது நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்பதால் நிமிர்ந்த பொருளுக்குப் பக்கவாட்டில் நிழல் விழாத நாள். பகல் 12.14 மணியளவில் மாடியில் ஒரு சொம்பை நிறுத்திப் பார்க்கும்படி எழுதுங்கள்.