கெட், போஸ்ட், புட்: கேஷ் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரவுசர் சர்வரிடம் ஒன்றைக் கேட்டு வாங்குவது கெட், தகவலை அனுப்புவது போஸ்ட், ஒரு முகவரியில் உள்ளதை மாற்றி எழுதுவது புட். வந்த பதிலை மறுபடி பயன்படுத்தச் சேமித்து வைப்பதுதான் கேஷ்; அதற்கான விதியைப் பதிலோடு சொல்லும் வரிகள் கேஷ் ஹெடர்கள். "கேஷ் ஹெடர் எதுவுமே அனுப்பவில்லை, அதனால் எதுவும் கேஷ் ஆகாது" என்று நம்புவதுதான் முதல் தவறு. கெட் ரிக்வெஸ்டுக்கு இது நேர்மாறு. சேமிப்பு விதியைச் சொல்லும் கேஷ்-கன்ட்ரோல், காலாவதி நேரத்தைச் சொல்லும் எக்ஸ்பயர்ஸ் என்ற ஹெடர்கள் இரண்டும் இல்லாத 200 (வெற்றி) பதிலில், கடைசியாக மாற்றிய நேரத்தைச் சொல்லும் லாஸ்ட்-மாடிஃபைடு மட்டும் இருந்தாலே போதும், பிரவுசர் தானாக ஓர் ஆயுளைக் கணித்துவிடும். வழக்கமான கணக்கு, கடைசி மாற்றத்திலிருந்து இதுவரை கடந்துபோன காலத்தில் 10 சதவீதம். அதாவது, 100 நாளுக்கு முன் மாற்றிய ஃபைல் இன்னும் 10 நாள் சர்வரைக் கேட்காமலே காட்டப்படலாம். இன்று நீங்கள் அதை மாற்றினாலும் பயனருக்குத் தெரிவது பழையதுதான். 301 (நிரந்தரமாக இடம் மாறியது), 404 (கிடைக்கவில்லை), 410 (நீக்கப்பட்டது) பதில்களையும் இப்படி வைத்துக்கொள்ள அனுமதி உண்டு.

ஆகவே ஒவ்வொரு கெட் பதிலுக்கும் கேஷ்-கன்ட்ரோலை நீங்களே எழுதுங்கள். அடிக்கடி மாறும் பக்கத்துக்கு நோ-கேஷ், கூடவே ஈடேக் (பதிலின் பதிப்பைக் காட்டும் அடையாளம்). நோ-கேஷ் என்றால் சேமிக்காதே என்று பொருளல்ல. சேமித்துக்கொள், ஆனால் ஒவ்வொரு முறையும் சர்வரிடம் சரிபார்த்துவிட்டுக் கொடு என்பதே. வங்கிக் கணக்கு விவரம் போன்றவற்றுக்கு எங்கும் சேமிக்காதே என்னும் நோ-ஸ்டோர்தான் வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது ஆபத்தானது.

போஸ்ட் பதிலைச் சேமிக்கத் தரநிலை இடம் தருகிறது. ஆனால் ஆயுளை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், பதில் எந்த முகவரிக்கு உரியது என்று சொல்லும் கன்டென்ட்-லொகேஷனும் ரிக்வெஸ்ட் போன அதே யூஆர்எல்லாக இருக்க வேண்டும்; அப்படியும் அது அடுத்து வரும் கெட்டுக்குத்தான் உதவும், இன்னொரு போஸ்டுக்கு அல்ல. நடைமுறையில் போஸ்ட் கேஷ் ஆகாது என்றே திட்டமிடுங்கள். வெறுமனே தகவலைப் படிக்கும் தேடலைப் போஸ்டில் வைத்தால், ஒரே கேள்வி ஒவ்வொரு முறையும் சர்வர் வரை போகும். டேட்டாவை அழிக்கும் செயலைக் கெட்டில் வைப்பது அதைவிட மோசம்: பிரவுசர் முன்கூட்டியே லிங்க்கை எடுத்தால் கேட்காமலே அழிந்துவிடும், இரண்டாவது கிளிக்குக்குக் கேஷே பதில் சொல்லிவிட்டால் சர்வருக்குச் செய்தியே போகாது.

புட், டெலீட் (அழிக்கச் சொல்லும் ரிக்வெஸ்ட்) பதில்கள் சேமிக்கப்படுவதில்லை. அவை வெற்றி பெற்றால் அதே யூஆர்எல்லின் பழைய கெட் பதில் செல்லாததாகும். இதை அளவுக்கு மீறி நம்பக் கூடாது. '/பொருள்/7' ஐ மாற்றினால் '/பொருள்' பட்டியல் அப்படியே இருக்கும். அந்த ரிக்வெஸ்ட் கடந்து போகாத சிடிஎன் (பல இடங்களில் நகல் வைத்துத் தரும் சர்வர் வலையமைப்பு) முனைகளிலும் மற்றவர்களின் பிரவுசரிலும் பழையதே இருக்கும். சிடிஎன்னில் பர்ஜ் (பழைய நகலை நீக்குவது) தனியாகச் செய்ய வேண்டும்.

எதற்கு அனுமதி உண்டு என்று சர்வரைக் கேட்கும் ஆப்ஷன்ஸுக்குக் கேஷ்-கன்ட்ரோல் போடுவது வீண். வேறு தளத்தின் சர்வரை அழைக்கும் முன் பிரவுசர் ஆப்ஷன்ஸால் அனுமதி கேட்கும் கார்ஸ் முன்சோதனைக்குத் தனிக் கேஷ் உண்டு; அக்சஸ்-கன்ட்ரோல்-மேக்ஸ்-ஏஜ் இல்லாவிட்டால் அதன் ஆயுள் 5 விநாடிதான். எவ்வளவு பெரிய எண் கொடுத்தாலும் குரோம் 7200 விநாடியோடு நிறுத்திக்கொள்ளும்.

சோதிக்கும்போது டெவ்டூல்ஸில் (பிரவுசரின் டெவலப்பர் கருவி) 'டிஸேபிள் கேஷ்' டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். டெவ்டூல்ஸ் திறந்து அது டிக் ஆகியிருக்கும்வரை, மேலே சொன்ன பிரவுசர் கேஷ் சிக்கல்கள் உங்கள் திரையில் தெரியாது.