ஹாட்ஃபீல்டுக்கு ஒரு ரயில் பயணம்: பிள்ளையோடு பல்கலைக்கழகம் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவில் ஜோஹன்னஸ்பர்க் பக்கமிருந்து பிரிட்டோரியாவுக்குப் போகும் கௌட்ரெயின் என்ற விரைவு ரயிலில், செஞ்சூரியன் நிலையம் கழிந்து கொஞ்ச நேரத்தில், குன்றின் மேல் கப்பலைத் தூக்கி வைத்ததுபோல ஒரு நீளமான கட்டடம் ஜன்னலில் தெரியும். “அதோ வந்துட்டுது யுனிவர்சிட்டி, எல்லாரும் எழுந்திரிங்க” என்றார் என் மாமனார். ஊரிலிருந்து வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது, ஆனாலும் எந்த ஊர் ரயிலிலும் வழி சொல்லும் பொறுப்பு தன்னுடையது என்று நினைப்பவர். நாங்களும் எழுந்தோம். அடுத்து வந்த பிரிட்டோரியா நிலையத்தில் இறங்கி, பயண அட்டையைத் தட்டி வெளியேயும் வந்துவிட்டோம். பல்கலைக்கழகத்தின் பெயரும் பிரிட்டோரியா, நிலையத்தின் பெயரும் பிரிட்டோரியா. யாருக்குச் சந்தேகம் வரும்? பதினோராம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு வந்தது. “மேப்ல வேற மாதிரி காட்டுதும்மா” என்று இரண்டு தடவை சொன்னாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் முக்கிய வளாகம் பிரிட்டோரியா நிலையத்தில் இல்லை. கௌட்ரெயினில் அதற்கு அடுத்த நிலையமான, அந்தத் தடத்தின் கடைசி நிலையமான ஹாட்ஃபீல்டில் இறங்க வேண்டும். அங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடை. ஜன்னலில் பார்த்த குன்றுக் கட்டடம் யுனிசா. அது தொலைநிலைக் கல்விப் பல்கலைக்கழகம், முற்றிலும் வேறு நிறுவனம். மண்டேலா சிறையிலிருந்தபடியே சட்டம் படித்து 1989இல் பட்டம் பெற்றது அதில்தான். மாமனாரிடம் இதைச் சொன்னபோது, “அப்ப நான் காட்டினதும் பெரிய இடம்தானே” என்றார்.

சரி, பாதி வழியில் வெளியே வந்தால் என்ன ஆகும்? மறுபடி உள்ளே போகும்போது அது புதுப் பயணமாகக் கணக்காகும், காசும் புதிதாகப் போகும். நாலு பேருக்கும்.

அட்டை விஷயத்திலேயே எங்கள் வீட்டில் ஒரு கூத்து நடந்திருந்தது. ஒரே அட்டையை நாலு முறை தட்டி நாலு பேரும் போய்விடலாம் என்பது என் கணவரின் கணக்கு. முடியாது. ஆளுக்கு ஒரு அட்டை வேண்டும், அல்லது ஆளுக்கு ஒரு தட்டும் வசதியுள்ள வங்கி அட்டை. கட்டணம் தூரத்தைப் பொறுத்தது என்பதால் நுழையும்போது எதைத் தட்டினீர்களோ, வெளியேறும்போதும் அதையே தட்ட வேண்டும். நிலையத்தில் காரை நிறுத்துகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ரயிலில் போகிறவர்களுக்கு நிறுத்தக் கட்டணம் குறைவு, மற்றவர்களுக்கு அதிகம். நீங்கள் ரயிலில்தான் போனீர்கள் என்பது இயந்திரத்துக்கு அட்டையை வைத்துத்தான் தெரியும். காருக்கு ஒன்று, ரயிலுக்கு வேறொன்று என்று தட்டினால் வேற்றாள் கட்டணம்தான். காலை ஏழு மணிக்குப் பின்னால் ஆபீஸ் கூட்டம் நிற்க, இயந்திரத்தின் முன் நின்று இதையெல்லாம் கற்றுக்கொள்ளாதீர்கள். முதல் நாளே அட்டை வாங்கிப் பணம் ஏற்றி வைத்துவிடுங்கள்.

சாப்பாடு. இதை நம்மவர்களிடம் எத்தனை முறை சொன்னாலும் போதாது. கௌட்ரெயினில் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது, சூயிங்கம் மெல்வதுகூடக் கூடாது. புளியோதரை டப்பா பையில் இருக்கலாம், ஆனால் திறக்க முடியாது. மாமனார் பிளாஸ்க் மூடியைத் திருகி, காபி வாசனை பெட்டி முழுக்கப் பரவிய அரை நிமிடத்தில் காவலர் வந்து நின்றார். அதட்டவில்லை. மூடியைக் காட்டி, மறுபடி திருகுங்கள் என்று கையால் ஜாடை காட்டினார், அவ்வளவுதான். காபியை நடைமேடைக்கு வெளியே, வாசல் தாண்டிய பிறகு குடித்தோம்.

ஜோஹன்னஸ்பர்க்கின் சாண்ட்டன் நிலையத்தில் ஏறுகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அங்கிருந்து இரண்டு தடங்களில் ரயில்கள் போகின்றன, இரண்டும் பிரிவது மார்ல்பரோவுக்குப் பிறகு. ஒன்று மார்ல்பரோ, மிட்ராண்ட், செஞ்சூரியன் வழியாக ஹாட்ஃபீல்டுக்கு வடக்கே போவது. மற்றது மார்ல்பரோ, ரோட்ஸ்ஃபீல்ட் வழியாக ஓ.ஆர். தாம்போ விமான நிலையத்துக்குப் போவது. தப்பாக ஏறிவிட்டது தெரிந்தால் மார்ல்பரோவிலேயே இறங்கி மாறிக்கொள்ளுங்கள். விமான நிலையம் வரை போய் வெளியேறினால் பர்ஸ் அழும். ஜோஹன்னஸ்பர்க்குக்குத் தெற்கே லெனேசியாவிலிருந்து வரும் குடும்பங்கள் சிலர், மெட்ரோரெயில் என்ற பழைய புறநகர் ரயிலின் டிக்கெட்டிலேயே கௌட்ரெயினிலும் போகலாமா என்று கேட்பார்கள். போக முடியாது. ஜோஹன்னஸ்பர்க் பார்க் ஸ்டேஷனில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் டிக்கெட் வேறு, நிர்வாகம் வேறு, தண்டவாள அகலமே வேறு. பழையது 1067 மில்லிமீட்டர், கௌட்ரெயின் 1435.

இதெல்லாம் வழித் தவறுகள். பணம் கொஞ்சம், நேரம் கொஞ்சம் போகும், அப்புறம் சிரித்துக்கொள்ளலாம். சிரிக்க முடியாத தவறு நாள் பார்ப்பதில் நடக்கிறது. நாங்கள் முதலில் போனது ஆகஸ்ட் கடைசியில் ஒரு சனிக்கிழமை. எல்லாருக்கும் லீவு, வசதியான நாள் என்று நினைத்தோம். வளாகம் அழகாக இருந்தது, அலுவலகங்கள் பூட்டியிருந்தன. கேள்வி கேட்க ஆளில்லை. வார இறுதியில் ரயில்களின் இடைவெளியும் நீளம். ஒன்றைத் தவறவிட்டால் அரை மணி நேரம்கூட உட்கார வேண்டியிருக்கும். ஓப்பன் டே என்று பல்கலைக்கழகமே அறிவிக்கும் நாளாக இருந்தால் சனிக்கிழமை நல்லது. மற்றபடி வார நாளில், பள்ளியில் ஒரு நாள் லீவு சொல்லியாவது போவதுதான் சரி. காலை நெரிசலில் பெட்டியில் இடம் கிடைக்குமா, ஹாட்ஃபீல்டில் இறங்கி நடக்க எவ்வளவு நேரம் ஆகும், எட்டரை வகுப்புக்கு வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதெல்லாம் அன்றைக்குத்தான் தெரியும். நெரிசல் நேரக் கட்டணமும் கூடுதல். தினமும் போய்வரும் செலவைச் சனிக்கிழமைக் கட்டணத்தை வைத்துக் கணக்குப் போட்டவர்களை எனக்குத் தெரியும். நாங்களே போட்டோம்.

நாளைவிட ஆண்டு முக்கியம். “மெட்ரிக் முடியட்டும், ரிசல்ட் வரட்டும், அப்புறம் காலேஜ் பார்க்கலாம்” என்பது தமிழ்நாட்டுப் பழக்கம். (இங்கே பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வைத்தான் மெட்ரிக் என்பார்கள்.) ப்ளஸ் டூ ரிசல்ட் கையில் வந்த பிறகுதானே அங்கே ஓட்டமே தொடங்குகிறது! இங்கே கல்வியாண்டு ஆண்டின் தொடக்கத்தில் ஆரம்பிக்கிறது, விண்ணப்பம் அதற்கு முந்திய ஆண்டே. பல படிப்புகளுக்கு ஆண்டின் நடுவிலேயே கதவு சாத்திவிடும். மெட்ரிக் ரிசல்ட் ஜனவரியில் வரும்போது புதிதாக விண்ணப்பிக்க இடம் அநேகமாக இருக்காது. விண்ணப்பிக்கும் நேரத்தில் கையில் இருப்பது பதினோராம் வகுப்பு இறுதி மதிப்பெண்தான், முதலில் நிபந்தனையோடு இடம் கொடுப்பதும் அதை வைத்துத்தான். ஆகவே வளாகம் பார்க்கப் போக வேண்டிய காலம் பதினோராம் வகுப்பு, இன்னும் சொன்னால் பத்தாம் வகுப்பு. பத்தாம் வகுப்புக்குப் பாடம் தேர்ந்தெடுக்கும்போது கணிதத்துக்குப் பதில் ‘மேத்ஸ் லிட்’ என்ற எளிய அன்றாடக் கணக்குப் பாடத்தை எடுத்த பிள்ளைக்குப் பொறியியல் கிடைக்காது. இரண்டிலும் ‘மேத்ஸ்’ என்ற சொல் இருப்பதால் ஏமாறும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள்.

மதிப்பெண்ணை வைத்துச் சேர்க்கைக்குப் போடும் புள்ளிக் கணக்கையும் வீட்டிலேயே போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள். 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 7 புள்ளி, 70 முதல் 79 வரை 6, இப்படி இறங்கிக்கொண்டே போகும். லைஃப் ஓரியன்டேஷன் என்ற வாழ்க்கைத் திறன் பாடத்தை விட்டுவிட்டு ஆறு பாடங்களைக் கூட்டினால் இந்தப் பல்கலைக்கழகத்தில் அதிகபட்சம் 42. எந்தப் படிப்புக்கு எத்தனை புள்ளி என்பது கையேட்டில் இருக்கிறது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரிடம் அதையே கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். கையேட்டில் இல்லாததைக் கேளுங்கள். இந்தத் துறையில் முதலாண்டுப் பிள்ளைகள் எந்தப் பாடத்தில் தடுக்கி விழுகிறார்கள்? விடுதி கிடைக்காவிட்டால் என்ன வழி? அப்புறம், நம்மில் பலருக்குப் பொருந்துவது இது: வேலை விசாவில் இருக்கும் குடும்பத்தின் பிள்ளைக்கு எந்தக் கட்டணம்? குடியுரிமையோ நிரந்தரமாகத் தங்கும் அனுமதியோ இல்லாதவர்கள் வெளிநாட்டு மாணவர் கணக்கில் போவார்கள். படிப்பு விசா, இங்கே பதிவான மருத்துவக் காப்பீடு என்று வேலை நீளும். அரசின் என்எஸ்ஃபாஸ் கல்வி நிதியுதவியும் குடிமக்களுக்கும் நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்றவர்களுக்கும்தான். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் இருக்க வேண்டும் என்பதும் அதன் விதி. இந்தக் கட்டணக் கேள்வியை நாங்கள் கேட்கவில்லை. கூச்சமாக இருந்தது. பிறகு அந்த ஒரு கேள்விக்காக மூன்று வாரம் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தோம்.

எந்த வளாகம் என்று உறுதி செய்துகொள்ளாமல் கிளம்புவதும் அடிக்கடி நடக்கும். பிரிட்டோரியாவின் புறநகரான லாடியத்தில் எங்களுக்குத் தெரிந்த ஓர் அக்காவின் மகளுக்குக் கால்நடை மருத்துவம்தான் கனவு. அந்தப் பட்டத்தைத் தென்னாப்பிரிக்காவில் தருவது இந்தப் பல்கலைக்கழகம் ஒன்றுதான். ஆனால் அதன் கால்நடை மருத்துவமனையும் புலமும் இருப்பது ஊருக்கு வடக்கே ஓண்டர்ஸ்டபூர்ட்டில், ஹாட்ஃபீல்டில் அல்ல. ஆசிரியர் பயிற்சிக்கு க்ரூன்க்ளூஃப், மருத்துவத்துக்குப் பெரிய மருத்துவமனையை ஒட்டிய பிரின்ஸ்ஹாஃப். “அங்கே எல்லாம் ஆஃப்ரிகான்ஸ்ல நடத்துவாங்களாமே” என்று இன்னும் கேட்கிறார்கள். 2019இல் சேர்ந்தவர்களிலிருந்து பாடம் ஆங்கிலத்தில்தான்.

அடையாள அட்டையோ பாஸ்போர்ட்டோ இல்லாமல் வாசலில் போய் நிற்காதீர்கள். எல்லா வாசலிலும் காவல் உண்டு, பார்வையாளர் பதிவு செய்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். தெரு முனையில் நின்று கைபேசியை நீட்டி வழி பார்ப்பதும் வேண்டாம். பறிகொடுத்தவர்கள் நிறைய. நிலையத்துக்குள்ளேயே பார்த்து மனத்தில் வாங்கிக்கொண்டு, மாணவர் கூட்டத்தோடு நடங்கள்.

‘வந்தது வந்தோம்’ என்று ஆரம்பிக்கும் வாக்கியத்துக்கும் இடம் கொடுக்காதீர்கள். வந்தது வந்தோம், மராபஸ்டாட் மாரியம்மனையும் பார்த்துவிடலாம் என்று மாமனார் சொன்னார். பிரிட்டோரியாத் தமிழர்கள் கட்டிய பழைய கோயில், நிறவெறி ஆட்சியின் இன மண்டலச் சட்டத்தால் குடும்பங்கள் லாடியத்துக்கு விரட்டப்பட்ட பிறகும் அந்த இடத்திலேயே நிற்கும் கோபுரம். பார்க்க வேண்டியதுதான், மறுப்பில்லை. ஆனால் அது நகரத்துக்கு மேற்கே, ஹாட்ஃபீல்ட் கிழக்கே. இரண்டையும் ஒரே நாளில் நெருக்கினால் கோயிலில் பல்கலைக்கழகக் கவலை, பல்கலைக்கழகத்தில் நடை சாத்திவிடுவார்களோ என்ற கவலை. அதற்குப் பதில் வளாகத்தோடு ஒட்டிய ஜாவெட் கலை மையத்துக்குப் போங்கள். திறந்திருக்கும் நாளா என்று மட்டும் முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். 1930களில் மாபுங்குப்வே என்ற பழைய ஆப்பிரிக்க அரசின் குன்றில் கிடைத்த பொன் காண்டாமிருகம் இந்தப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது. மெல்லிய பொன் தகட்டில் செய்தது, உள்ளங்கையில் அடங்கும் அளவு, எண்ணூறு ஆண்டுக்குக் கிட்டத்தட்ட வயது.

அக்டோபரில் இரண்டாம் முறை போனோம், ஒரு புதன்கிழமை. இந்தத் தடவை அட்டைக்குப் பணம் ஏற்றியது, ரயில் நேரம் பார்த்தது, மேசையில் கேள்வி கேட்டது எல்லாம் மகள்தான். நான் வாயை மூடிக்கொண்டு பின்னால் நடந்தேன். அது எவ்வளவு கஷ்டம் என்று தாய்மார்களுக்குத் தெரியும். ஓரிடத்தில் அவள் தப்பான கட்டடத்துக்குள் நுழைந்தாள், எனக்குப் பலகை கண்ணில் பட்டது, சொல்லவில்லை. ஐந்து நிமிடத்தில் அவளே திரும்பி வந்தாள். மதியம் மூன்று மணிக்கு மேகம் திரண்டது. ஹைவெல்ட் என்ற இந்த மேட்டுநிலத்துக் கோடைமழை அப்படித்தான், காலை வெயிலைப் பார்த்துக் குடையை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் மாலையில் இடியோடு பிடித்துக்கொள்ளும்.

கிளம்புகிற நேரத்தில் மாமனாரைக் காணோம். ஜாக்கரண்டா மரத்தடியில் தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றிருந்தார். தலையில் பூ விழுந்தால் பரீட்சையில் தேறிவிடலாம் என்பது இங்கத்து மாணவர் நம்பிக்கை. யாரோ ஒரு பையன் அவருக்குச் சொல்லியிருக்கிறான். “பரீட்சை எனக்குத்தானே தாத்தா?” என்றாள் மகள். “நீ ரயில் டைமைப் பாரு, நான் இதைப் பாத்துக்கறேன்” என்றார் அவர். நாலு பத்து வண்டியைத் தவறவிட்டு அதற்கடுத்ததில் வந்தோம்.