கேள்வி முதலில், பெயர் பிறகு

பி.எட். கற்பித்தல் பயிற்சிக்காக ஏழாம் வகுப்புக்குப் போன முதல் வாரமே தொண்டை கட்டிவிட்டது. 42 பிள்ளைகள். நான் ல, ள, ழ வேறுபாட்டை விளக்கிக்கொண்டிருந்தால் பின்வரிசை தன் பேச்சைத் தொடரும். மேசையைத் தட்டினால் அரை நிமிடம் அமைதி, பிறகு பழைய கதை.

வகுப்பைக் கவனித்த தமிழாசிரியை ஒன்றுதான் சொன்னார்: “பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுக் கேள்வி கேட்கிறாய் அம்மா. மற்ற 41 பேரும் அப்போதே காதை மூடிக்கொள்கிறார்கள்.”

மறுநாள் மாற்றினேன். கேள்வியைப் பொதுவாகக் கேட்டேன்; மனத்துக்குள் ஐந்து வரை எண்ணினேன்; அதன் பிறகே பெயர். அந்த ஐந்து நொடி மௌனத்தைத் தாங்குவது எனக்குக் கடினமாகத்தான் இருந்தது. ஆனால் யார் பெயர் வரும் என்று தெரியாததால் எல்லாக் கண்களும் என் மேல் இருந்தன.

விளக்கத்தையும் சுருக்கினேன். வாலை, வாளை, வாழை என்று பலகையில் எழுதி, சொல்லும்போது நாக்கு எங்கே போகிறது என்று அவர்களையே கவனிக்கச் சொன்னேன். லகரத்துக்கு நுனிநாக்கு மேல்பல்லின் அடியைத் தொடும். ளகரத்துக்கு வளைந்து அண்ணத்தைத் தொடும். ழகரத்துக்கு வளைந்தாலும் ஒட்டாது. பின்வரிசைப் பையன் ஒருவன் உள்ளங்கையை நாக்குபோல மடித்துக் காட்டி, “ழ மட்டும் ஒட்டவே இல்லை டீச்சர்!” என்று கத்தினான். அந்தச் சத்தத்தை நான் அடக்கவில்லை.